வில்லுக்கு ஆள் தேடிய வருடம்

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்து வேனில் திரும்பும்போது நீங்கள் ஏழு பேரும் வாயே திறக்கவில்லை. வழக்கமாக அசாம் ஜாவா ஊரைத் தாண்டுவதற்குள் உங்கள் சத்தத்தில் எனக்குக் காது அடைத்துவிடும். அன்றைக்கு ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். காரணம் எனக்குத் தெரியும். வெளியிலிருந்து வந்த வாள் ஆசான், உங்களில் ஒரு பிள்ளையை மட்டும் முன்னால் கூப்பிட்டு, "எல்லாரும் இவ கை எப்படிப் போவுதுன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டார். மீதி ஆறு பேருக்கும் வயிறு எரிந்தது. அந்த ஆறு பேரில் ஒன்று என் மகன்.

அந்த எரிச்சலைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் படித்தது மூன்றாம் படிவம் வரைக்கும்தான். எழுத்தில் பிழை இருந்தால் உங்கள் டீச்சரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை. எங்கள் தோட்டத்து லய வீடுகளில் என்னோடு வளர்ந்து, இப்போது என்னைப் போலவே தலை நரைத்துப்போனவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: நீங்களும் அன்றைக்கு அந்தத் திடலில் இருந்தீர்கள். ஆனால் இது உங்களுக்குத் தெரியாது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டுச் செம்பனை போட்ட தோட்டம் எங்களுடையது. அப்பா பழம் வெட்டுபவர். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து, குலையை அறுத்துத் தள்ளுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தாலும் கொஞ்ச நேரத்துக்குக் கழுத்து கீழே இறங்காது. அம்மா உதிரிப் பழம் பொறுக்கப் போவார். அக்காவுக்குப் பதினாறு வயது. மூன்றாம் படிவப் பரீட்சையில் தேறவில்லை. அதனால் படிப்பை நிறுத்திவிட்டு, தோட்டத்து நாற்றங்காலில் பைகளுக்கு மண் நிரப்பும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு. வீட்டில் மலாயை நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான்தான் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. அக்காவுக்கும் தெரியும். ஆனால் அவள் படிப்பை நிறுத்தியதும் அதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது.

எல்லாம் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களால் வந்தது. அந்த வருடம் அவர்களுடைய திருவிழாவில் ரதத்துக்கு முன்னால் நாலு பேர் வாள் சுற்றினார்கள். இரண்டு பேர் மான்கொம்பு ஏந்தி ஆடினார்கள். எங்கள் தோட்டத்தில் காலங்காலமாகச் சிலம்பக் கம்பு மட்டும்தான். எங்கள் ஆட்களே வாயைப் பிளந்துகொண்டு அவர்கள் ரதத்துக்குப் பின்னாலேயே போய்விட்டார்கள். மறுவாரம் கோயிலில் கூட்டம் போட்டார்கள். கோயில் தலைவர், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராகவும் இருந்தவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"நம்ம பயலுங்க வருசா வருசம் அதே கம்பத்தான் சுத்துறானுங்க. ஆத்தாவே கொட்டாவி விட்ருவா போல இருக்கு. அவனுங்க வாளு கொண்டாந்தா நாம வில்லு கொண்டாரணும் லா!"

"வில்லுக்கு ஆசான் எங்க தலைவரே இருக்காரு?" என்று யாரோ கேட்டார்கள்.

"தேடணும். வாளுக்கு ஒருத்தர், வில்லுக்கு ஒருத்தர். யாருகிட்ட மோட்டாரு இருக்கு?"

மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர். மற்றவர்கள் எல்லாம் காலடியைப் பார்த்தார்கள். அப்பாவுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. அப்படித்தான் திருவிழாவுக்கு வெளி ஆசான்களைப் பிடித்து வரும் பொறுப்பு அப்பா தலையில் விழுந்தது. பெயர்ப்பலகை படிக்கவும் வழி கேட்கவும் நான் பின்னால் உட்கார்ந்தேன்.

எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் என்று கணக்கில்லை. ஒருவர் பெரிய ஆசான் என்று கேள்விப்பட்டுப் போனால், அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் வீட்டில் எங்களுக்குக் காப்பி கொடுத்து அழுதார்கள். நாங்களும் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தோம். இன்னொருவர் வாள், வேல், வில், கவண் எல்லாம் தெரியும் என்றார். அடுத்த வாரமே வருகிறேன் என்றார். அவருக்காக அம்மா சேவல் அடித்துக் குழம்பு வைத்தார். ஆள் வரவேயில்லை. குழம்பை நாங்களே சாப்பிட்டோம். எனக்கு அதில் வருத்தமில்லை. அதற்குப் பிறகு, ஆசானைப் பார்த்துப் பேசாமல் சேவலைத் தொடக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார்.

வாள் ஆசான் ஜெராமில் கிடைத்தார். அவர் மீன் வியாபாரி. படகுகள் வந்து சேரும் இடத்தில், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கூடைகளுக்கு நடுவில் நின்றார். திருவிழாவுக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் போயிருந்த அப்பா, ஈரத் தரையில் பட்டும் படாமலும் கால் வைத்து அவரிடம் போனார்.

"வணக்கம் ஆசான்."

அவர் நிமிரவில்லை. "மீனு வேணுமா, ஆசான் வேணுமா? மீனுன்னா இப்ப. ஆசானுன்னா பத்து மணிக்கு மேல."

பத்து மணி வரைக்கும் காத்திருந்தோம். அவர் கை கழுவிவிட்டு வந்து, அப்பா நீட்டிய வெற்றிலைத் தட்டைப் பார்த்தார். பாக்கை எண்ணினார், வெற்றிலையின் காம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தார். அந்த நாளில் அது ஒரு முறை. வெற்றிலையைக் கையில் வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. பிறகு வராமல் இருக்க முடியாது. வாங்குவதற்கு முன்னால் அவர் என்னைக் கூப்பிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தார்.

"இவனா கத்துக்கப் போறான்?"

"இவனுந்தான் ஆசான். எம் பையன்."

"கை ஒலக்க மாதிரி இருக்கே. இவனுக்கு வாளு சரிப்பட்டு வராது. வேற பயலுங்க இருந்தா வர்றேன்."

அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம், பூவரச மரங்களுக்கு நடுவில் கடல் தெரிகிற இடத்திலும்கூட, நான் என் மணிக்கட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வீட்டிலிருந்த ஒரே கைவைத்த நாற்காலி அவருக்கு. அப்பா தன் கையால் தேநீர் ஊற்றிக் கொடுப்பார். எங்களில் ஒருவருக்கும் அப்பா தேநீர் ஊற்றிக் கொடுத்ததில்லை. "நுரை போதுமா ஆசான்?" என்று அவர் கேட்பதை நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். எட்டுப் பையன்கள் வாளுக்குச் சேர்ந்தார்கள். முதல் ஆறு வாரம் ஈர்க்குச்சிதான் கையில் கொடுத்தார். நான் திடலின் ஓரத்தில் அவர்களுடைய சட்டைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் மனசுக்குள் ஒரு தைரியம் இருந்தது. வில் இன்னும் பாக்கி இருக்கிறதே. வில்லுக்கு மணிக்கட்டு வேண்டாமே.

வில்லுக்கு ஆள் கிடைப்பது லேசாக இல்லை. தஞ்சோங் காராங் கடைத்தெருவில் ஒரு சீனக் கடைக்காரர்தான் வழி காட்டினார். சுங்கை புரோங் பக்கத்தில் ஒரு மலாய் ஆசிரியை இருக்கிறார், வைக்கோல் கட்டை நிறுத்தி வைத்து அம்பு விடுகிறார், பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறார் என்றார். வாய்க்கால் ஓரமாகவே போனோம். செம்பனை இல்லாத இடத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. எங்கே பார்த்தாலும் வயல். வானம் இவ்வளவு பெரியதா என்று இருந்தது.

ஆசிரியை வீட்டுக்கு முன்னால் வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தார். மலாய் ஆசிரியர்களை நாங்கள் சிக்கு என்றுதான் கூப்பிடுவோம். அப்பாவின் மலாய் தோட்டத்து மலாய். பழம், லோரி, மழை, டுயிட் என்கிற காசு, இதற்கெல்லாம் போதும். சாமிக்கு முன்னால் வில் வித்தை காட்ட வேண்டும் என்பதைச் சொல்ல அது போதவில்லை. நான் பேசினேன். பள்ளியில் கட்டுரை ஒப்பிப்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு பேசினேன். சிக்கு என் முகத்தையே பார்த்துக் கேட்டுவிட்டு, "கெட்டிக்காரன்" என்று மலாயில் சொல்லி, சூடான வாழைக்காயை என் கையில் முதலில் கொடுத்தார். அப்பாவுக்குப் பிறகுதான்.

அந்த வாழைக்காயின் சூடு இன்னும் விரலில் இருக்கிறது. அந்த நிமிடமே வில் என்னுடையது என்று முடிவு செய்துவிட்டேன்.

வெற்றிலைத் தட்டை மலாய்க்காரரிடம் நீட்டலாமா கூடாதா என்று அப்பா தவித்தார். சிக்குவே அதைக் கவனித்து, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். எங்கள் மலாய்க் கிராமத்திலும் கல்யாணம் பேசப் போனால் வெற்றிலை உண்டு என்றார். கோயிலுக்குள் வர மாட்டேன், திடலில் சொல்லிக் கொடுக்கிறேன், திருவிழா அன்று பள்ளி வில் ஒன்றை இரவல் தருகிறேன் என்றார். அப்பா வரும் வழியில் பாட்டுப் பாடினார். பாட்டில் வார்த்தைகள் தப்பு. சந்தோஷம் சரியாக இருந்தது.

சிக்கு சனிக்கிழமைகளில் வந்தார். பழைய வெள்ளைக் கார். ஒரு கதவு மட்டும் நீலம். கூரைமேல் வைக்கோலை உருட்டிக் கட்டிக்கொண்டு வருவார். முதல் நாள் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையில் நின்றோம். அவர் வில்லைக் கொடுக்கவில்லை. ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்து, கையை நீட்டிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஆடக்கூடாது. அவர் மெதுவாக எண்ணினார். முப்பதுக்குள் பாதிப் பேர் விட்டுவிட்டார்கள். எனக்கு நாற்பத்தொன்றில் கை நடுங்கியது. பல்லைக் கடித்தேன். நாற்பத்தாறில் விழுந்தது. கடைசியாக விழுந்தது என்னுடையதுதான். நான் நிமிர்ந்து சிக்குவைப் பார்த்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார்.

அக்கா தேநீர் கொண்டுவந்திருந்தாள். தட்டில் ஆறு கண்ணாடிக் குவளை, விளிம்பு வரைக்கும் தேநீர். நாங்கள் எண்ண ஆரம்பித்தபோதே வந்துவிட்டாள். யாரும் வாங்கிக்கொள்ளாததால், குறுக்கே நடக்கக் கூடாது என்று அப்படியே நின்றுவிட்டாள். தட்டு ஆடவில்லை. ஒரு சொட்டு சிந்தவில்லை. நாற்றங்காலில் நாளெல்லாம் மண் பை தூக்கிய கை.

"நீ வா" என்றார் சிக்கு.

அக்கா என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். "நான் டீ கொண்டாந்தேன் சிக்கு" என்று மலாயில் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா ஓடிப்போய்த் தட்டை வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு அவள் விட்ட நாலாவது அம்பு வைக்கோலின் நடுவில் தைத்தது. தைத்த சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஈரத் துணியை உதறுகிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு அது வயிற்றில் கேட்டது.

பிள்ளைகளே, பொறாமை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது எதையெல்லாம் தின்னும் என்று சொல்கிறேன். சிக்கு அக்காவின் முடியை அள்ளி ரப்பர் போட்டுக் கட்டியதைப் பார்த்து எனக்கு எரிந்தது. அவள் முன்கையில் தோல் உறை மாட்டிவிட்டதைப் பார்த்து எரிந்தது. அக்கா வீட்டில் சிரிக்காத ஒரு சிரிப்பைத் திடலில் சிரித்தாள், அதற்கும் எரிந்தது. அப்பா மண்டோரிடம், "எம் பொண்ணு லா, எட்டு அம்புக்கு ஏழ நடுவுல வைக்கிறா" என்று சொன்னார். மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து, அத்தனை வாரம் முதுகெலும்பு நோக அலைந்தது நான். சிக்குவைக் கண்டுபிடித்துப் பேசியது நான். என் வாயால் வந்த ஆசிரியை, தேநீர் கொண்டுவந்தவளை எடுத்துக்கொண்டார்.

எனக்கும் அவர் வில் கொடுத்தார். அதை மறைக்கக் கூடாது. நானும் விட்டேன். வைக்கோலில் படும், நடுவில் படாது. சிக்கு பொறுமையாகத் திருத்துவார். அந்தப் பொறுமையும் எனக்குப் பிடிக்கவில்லை. அக்காவிடம் அவர் பொறுமையாக இல்லை. அதட்டினார். எனக்கு அந்த அதட்டல்தான் வேண்டியிருந்தது.

ஒரு சனிக்கிழமை சாமான்களைக் காரில் ஏற்றும்போது, அக்காவும் நானும் மட்டும் பக்கத்தில் இருந்தோம். சிக்கு வில்லைக் காட்டி ஒன்று சொன்னார். அம்பு இல்லாமல் நாணை இழுத்து ஒருநாளும் விடக்கூடாது. அம்பு கொண்டுபோக வேண்டிய வேகம் வில்லுக்குள்ளேயே திரும்பி அடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே ஒட்டு விட்டுப் போகும். ஒருநாள் இழுக்கும்போது முறிந்து முகத்தில் அடிக்கும். "ரெண்டு பேரும் ஞாபகம் வச்சிக்கிங்க" என்றார். இருவரும் தலையாட்டினோம்.

திருவிழாவுக்கு முந்திய சாயங்காலம் ஆயுதங்களுக்குப் பூசை. கம்பு, வாள், எல்லாவற்றையும் அம்மன் முன்னால் வரிசையாக வைத்து, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் குத்துவது எங்கள் தோட்டத்து வழக்கம். சிக்கு இரவல் கொடுத்த வில்லும் மாலையோடு நடுவில் இருந்தது. எங்கள் கோயிலுக்கு வில் வந்தது அதுதான் முதல் தடவை. எல்லாருக்கும் புல்லரித்தது. தலைவர் கற்பூரம் காட்டி முடித்துவிட்டு வில்லைக் கையில் எடுத்தார்.

"அந்தக் காலத்துல ராசாக்க போருக்குப் போறப்ப மொதல்ல நாணத்தான் இழுத்து விடுவாங்க. அந்தச் சத்தம் கேட்டா கெட்டது கிட்ட வராது. ஆத்தா காதுல மூணு தடவ விழணும்."

அக்கா பெண்கள் பக்கத்திலிருந்து முன்னால் வந்துவிட்டாள். "வேணாம் பெரியப்பா. அம்பு இல்லாம விடக்கூடாது. வில்லு கெட்டுப்போயிரும். சிக்கு சொல்லிருக்காங்க."

தலைவருக்கு யாரும் குறுக்கே பேசியதில்லை. அதிலும் சாமி முன்னால்.

"ஒனக்குத்தான் சொன்னாங்களா? ஊருக்குச் சொல்லலியே?" அவர் கண் கூட்டத்தில் தேடி என்னிடம் வந்து நின்றது. "டேய், நீதான அந்தம்மாகிட்ட பேசுறவன். அப்படிச் சொன்னாங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். அத்தனை பேரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அந்தக் காலம் முழுக்க நான் ஆசைப்பட்டது அது ஒன்றைத்தானே.

"அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லல பெரியப்பா. அக்காவா சொல்லுது."

தலைவர் மூன்று தடவை நாணை இழுத்து விட்டார். நல்ல சத்தம்தான், நெஞ்சுக்குள் அதிர்ந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். பிறகு செயலாளர் ஒன்று, பொருளாளர் ஒன்று. பிறகு வரிசை வைத்துவிட்டார்கள். கைக்குழந்தையின் விரலைப் பிடித்து நாணைத் தொட வைத்து, அப்பன்காரன் இழுத்து விட்டான். பிள்ளைக்கு நல்லதாம். எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. அக்கா எண்ணிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் கண் மூடித் திறந்தது.

மறுநாள் ரதம் திடலுக்கு வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் லோரி வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். சிக்கு ரோட்டோரம் காருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். கம்பு முடிந்தது, வாள் முடிந்தது, ஜெராம் ஆசானுக்கு மாலை போட்டார்கள். கடைசியாக அக்கா. மஞ்சள் பாவாடை தாவணி, இடுப்பில் சிவப்புத் துணி. தூரத்தில் வாழைத்தண்டு நட்டிருந்தது. அவள் அம்பைப் பூட்டி இழுத்தாள். தாடைக்குக் கீழே கை வந்து நின்றது. அந்த இடத்தில் அவள் எப்போதும் ஒரு மூச்சு நிறுத்துவாள்.

வில் முறிந்தது.

மரக்கிளை ஒடிகிற மாதிரித்தான் சத்தம். மேல் பாதி திரும்பி அவள் முகத்தில் அடித்தது. தாடையில் ரத்தம். அம்பு அவள் காலடியிலேயே விழுந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் விசில் அடித்தார்கள். தலைவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பொட்டப்புள்ள கையில குடுத்தா இப்படித்தான். ஆத்தாவுக்கே பொறுக்கல" என்றார். அம்மா ஓடிப்போய் அவள் முகத்தைத் தாவணியால் பொத்தினார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அக்காவுக்காக அன்றைக்கு ஒருவரும் பேசவில்லை. அவள் அழாமல் முறிந்த வில்லை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, ரோட்டுப் பக்கம் பார்த்தாள். கூட்டம் மறைத்துவிட்டது. சிக்கு அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் அப்பாவும் நானும் முறிந்த வில்லைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு சுங்கை புரோங் போனோம். அக்காவை அப்பா கூப்பிடவில்லை. அவள் முகத்தில் தையல். சிக்கு முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அம்பில்லாமல் விட்டது யார்?" என்று கேட்டார். கோபமில்லை. ஆனால் கேட்டார். "இவனிடமும் அக்காவிடமும் சொல்லியிருந்தேனே."

அப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கு அந்த நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. பழத்தைப் பார்த்ததுமே வெட்டலாமா கூடாதா என்று சொல்லும் கண் அது.

அப்பா சிக்குவிடம் தன்னுடைய உடைந்த மலாயில் சொன்னார்: "பையன் சொன்னான். நான்தான் கேக்கல. என் தப்பு."

சிக்கு என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அப்பா என்னை அறைந்திருக்கலாம். அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் மானத்தைக் காப்பாற்றினால் நான் திருந்திவிடுவேன் என்று அவர் நம்பினார். நல்ல மனுஷர். கணக்கு தப்பு. அந்த நேரத்தில் எனக்கு வந்தது வெட்கமில்லை பிள்ளைகளே. வில்லை உடைத்தவள் என்று சிக்கு அக்காவைத் திட்டவில்லையே என்கிற ஏமாற்றம்தான் வந்தது.

சிக்கு அதோடு விடவில்லை. வில் போனால் போகட்டும், பள்ளிக்கூடத்தில் நான் பேசிக்கொள்கிறேன், அந்தப் பெண்ணை விடாதீர்கள் என்றார். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தோட்டத்துச் சாலை பிரியும் சிம்பாங்கில் கார் கொண்டுவந்து நிற்கிறேன், என் பள்ளிப் பிள்ளைகளோடு பயிற்சி செய்யட்டும், வருடக் கடைசியில் மாநிலப் போட்டிக்கு அழைத்துப்போகிறேன், அதில் ஜெயித்தால் படிப்பையும் தொடர வழி உண்டு என்றார். அப்பா திரும்பத் திரும்பத் தலையாட்டினார்.

வீடு வருவதற்கு முன்னால் அப்பா மோட்டாரை நிறுத்தினார். இறங்காமல், திரும்பாமல், முன்னால் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னைக்கு நான் வாயத் தொறக்கல. அவ மூஞ்சியப் பாக்க எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. நீ போயி சொல்லு. சனிக்கெழம எட்டு மணி, சிம்பாங்ல கார் வரும்னு. நீ சொன்னாத்தான் அவளுக்கும் ஒன்மேல கோவம் போவும். சொல்லிர்றியா?"

"சொல்றம்ப்பா."

சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அப்பா கேட்டார். "அக்கா வரலன்னுட்டா. இனிமே வில்லையே தொட மாட்டாளாம்" என்றேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். தன்மேல் அவளுக்கு அவ்வளவு கோபம் என்று நினைத்துக்கொண்டார். அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் வில் என்ற வார்த்தையை எடுக்கவில்லை.

சனிக்கிழமை கார் வந்தது. நான் சிம்பாங் பக்கத்துச் செம்பனை மறைவில் நின்று பார்த்தேன். ஒரு கதவு மட்டும் நீலமாக இருக்கும் கார், இஞ்சினை நிறுத்திவிட்டு வெகுநேரம் நின்றது. போய்விட்டது. அந்த நேரம் அக்கா நாற்றங்காலில் மண் பை நிரப்பிக்கொண்டிருந்தாள். அடுத்த சனிக்கிழமையும் வந்தது. மூன்றாவது சனிக்கிழமை நல்ல மழை. சிக்கு குடை பிடித்துக்கொண்டு இறங்கி நின்று, தோட்டத்துச் சாலையைப் பார்த்தார். மறைவிலிருந்த என்னையும் பார்த்துவிட்டார். கை காட்டிக் கூப்பிட்டார்.

"அக்கா எங்கே?"

"அக்காவுக்கு விருப்பமில்லை" என்றேன். பிழையில்லாத மலாயில் சொன்னேன்.

அவர் காருக்குள் கைவிட்டு, புதிதாக ஒரு முன்கை உறையை எடுத்தார். பழுப்புத் தோல், மூன்று வார், சின்ன அளவு. இதையாவது அவளிடம் கொடு என்றார். கார் திரும்பிப் போனதும், அதை என் கையில் கட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. அவிழ்த்து வாய்க்காலில் எறிந்தேன். தோல் உடனே மூழ்கவில்லை.

அக்கா மூன்று வருடத்தில் கல்யாணமாகி ரவாங் போனாள். தொழிற்சாலையில் வேலை பார்த்து, பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். வில்லை உடைத்ததால் சிக்கு தன்னை வெறுத்துவிட்டார் என்றே நினைத்திருந்தாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு கல்யாணத்துக்காக எல்லாரும் சுங்கை புரோங் வழியாகப் போனபோது, வயல் ஆரம்பித்த இடத்திலிருந்து அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். அப்போதும் நான் சொல்லவில்லை. அப்பா போன பிறகும் சொல்லவில்லை.

நீங்கள் வேனில் வாய் திறக்காமல் வந்த அந்த வாரம், வியாழக்கிழமை, ரவாங்குக்குப் போனேன். அக்கா சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அக்கா, அந்தச் சிக்கு வந்தாங்க."

"எந்தச் சிக்கு?" என்றவள், உடனே புரிந்துகொண்டாள். கத்தி நிற்கவில்லை. "எப்ப?"

"அப்பதான். திருவிழா முடிஞ்ச பிறகு. சனிக்கெழமயில சிம்பாங்ல வந்து நின்னாங்க. ஒன்னக் கூட்டிக்கிட்டுப் போக. அப்பா ஒங்கிட்ட சொல்லச் சொன்னாரு. நான் சொல்லல. நீ வரமாட்டேன்னு அவங்ககிட்ட சொன்னதும் நான்தான். கோயில்ல பொய் சொன்னது மட்டும்தான் ஒனக்குத் தெரியும்."

அவள் கொஞ்ச நேரம் நறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"எத்தன வாரம் வந்தாங்க?"

"மூணு."

கத்தியைக் கீழே வைத்தாள். "மூணு வாரமா?"

"மூணாவது வாரம் மழ. எறங்கி நின்னு பாத்தாங்க."

"கோவமா இருந்தாங்களா?"

"இல்லக்கா."

அவள் தாடையில், அந்தப் பழைய தழும்பின்மேல், ஈரக் கையை வைத்துக்கொண்டாள். நான் காலில் விழப் போனேன். காலை இழுத்துக்கொண்டாள்.

"நீ இப்ப போயிரு. கொஞ்ச நாளைக்கி வராத. ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு அந்த மூணு வாரத்த நான் சந்தோசமா நெனைக்க முடியாது."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் மகளுக்குப் போன் போட்டது கேட்டது.

"ஏய், எனக்காக ஒரு டீச்சரு மழயில வந்து நின்னாங்களாம்டி. மூணு வாரம்!"